தண்ணீர் நின்ற உயரம்

1

என் பேண்ட் ஒன்று காணாமல் போனதால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வெள்ளத்தைப் பற்றிய கதை என்றால் மனிதர்களின் துயரத்தில் தொடங்குவதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே பொய் சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் என்னை எதிலும் நம்ப மாட்டீர்கள். (நம்புங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.)

சாம்பல் நிறப் பேண்ட். தெருமுனை டிரை கிளீனிங் கடையில் போட்டிருந்தேன். வெள்ளம் வடிந்து ஊர் மறுபடி நடமாடத் தொடங்கியதும் வாங்கப் போனேன். கடைக்கார அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“அது தண்ணியில போயிடுச்சு சார்.”

நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். சலவை மெஷின் நேற்றுதான் பெட்டியைப் பிரித்து வைத்தது போல மின்னியது. இவ்வளவு சுத்தமான கடைக்குள் வந்த வெள்ளம் என் பேண்டை மட்டும் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நான் சந்தேகப் பிராணி. பழக்கடையில் தராசைப் பார்ப்பேன், பழத்தைப் பார்க்க மாட்டேன். அதே கண்ணோடுதான் இந்தக் கதையையும் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: “இரக்கமற்ற மழை அன்று ஊரை” [மழைக்கு எதற்கு இரக்கம். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: “சிறு வணிகர்களுக்கு அரசு நீட்டிய ஆதரவுக் கரம்” [எந்தக் கரம், யாருக்கு, எவ்வளவு தூரம் நீட்டியது என்று கேட்பீர்கள். இதுவும் போச்சு.]

சரி, அவள் கையிலிருந்து தொடங்குகிறேன். (கடையில் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆக்கிவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்தத் திமிர் உண்டு.)

தண்ணீர் வடிந்த காலையில் அக்காவும் அவள் கணவரும் ஷட்டரைத் தூக்கினார்கள். நான்கு சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறை. கீழே செம்மண் நிறம், மேலே விளிம்பில் கறுப்பாக எண்ணெய்ப் பட்டை. கணவர் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா பிரஷ்ஷைத் தேடினாள்.

அந்தக் கடையில் இஸ்திரி அவருடையது, கறை அவளுடையது. மை, மஞ்சள், ரத்தம், துரு என்று எந்தக் கறை வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் போகும். கறையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. வெளி விளிம்பிலிருந்து உள்ளே தேய்த்துப் போக வேண்டும், நடுவில் தொட்டால் பரவிவிடும் என்பாள். சுவரையும் அப்படியே, மேல் விளிம்பிலிருந்து இறங்கி இறங்கித் தேய்த்தாள். சுவர் முடிந்ததும் தரை. தரை முடிந்ததும் மெஷின். உள்ளே மோட்டார் செத்திருந்தது. செத்த மெஷினையும் குளிப்பாட்டி நிறுத்தினாள். தேறுகிற துணிகளை வெளுத்துக் கொடுத்தாள். தேறாததெல்லாம் குப்பை லாரியில் போனது. என் பேண்ட் அதில் இருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் அறிவிப்பு வந்தது. வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட சிறு கடைகளுக்கு அரசின் பேரிடர் கடன், குறைந்த வட்டி. அதிகாரி நேரில் வந்து, சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்து, அந்த உயரத்தைப் பொறுத்துத் தொகையை முடிவு செய்வார். கணவர் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“சுவத்துல கறை இருக்கணுமாம்.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

* போட்டோ எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். “வீட்டுல அழுக்குத் துணி மலையா குவிஞ்சு கெடந்தா நீங்க முதல்ல போட்டோவா சார் எடுப்பீங்க?” என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது. பதில் நன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடிவிடும்.

3

கடன் கிடைத்தால் புது மெஷின். இல்லையென்றால் கடையைக் காலி செய்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வேறு யாருடைய கடையிலாவது கூலிக்கு நிற்க வேண்டும். இந்தக் கதையில் வேறு ஒன்றும் இல்லை. என் பேண்டை மறந்துவிடுங்கள்.

கணவருக்குக் கடன் மீதே சந்தேகம். “சும்மா தூக்கிக் குடுத்துடுவானா? இதுல என்னமோ இருக்கு” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அரசுக்கோ கடைக்காரர்கள் எல்லோர் மீதும் சந்தேகம். பேரிடர் வந்தால் மக்கள் ஒன்றுகூடிவிடுவார்கள் என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள், நானே எழுதியிருக்கிறேன். தண்ணீர் நிற்கும்வரை அது சரிதான். உதவி வருகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவர் கடையை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். கொடுக்கிற கையும் சோதிக்கிற கண்ணும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கின.

அதிகாரிக்குத் தெருவில் டார்ச் சார் என்று பெயர். பட்டப்பகலிலும் டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். அக்காவின் சுவரில் வெளிச்சத்தை மேலும் கீழுமாக ஓடவிட்டார்.

“வெள்ளம் வந்த கடை மாதிரியே இல்லையேம்மா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”

“கழுவிட்டேன் சார்.”

“எதுக்குக் கழுவுனீங்க?”

“அழுக்கா இருந்துச்சு சார்.”

அவர் இருபது வருஷமாகப் பொய் கேட்டுக் கேட்டுப் பழகியவர். இப்படி ஒரு பதிலை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவருக்குப் புரியவில்லை. “வாரக் கடைசியில திரும்ப வர்றேன். ஏதாவது ஆதாரம் இருந்தா எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் செருப்புக்கடைக்குள் போனார்.

செருப்புக்கடைக்காரர் தன் சுவரிலிருந்த கறையின் மேல் கண்ணாடி டேப் ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். யாரும் அதில் சாயக்கூடாது. டார்ச் சார் நாடாவை வைத்து அளந்தார், எழுதிக்கொண்டார், காபி குடித்துவிட்டுப் போனார். பிறகு அக்கா மெதுவாக எட்டிப் பார்த்தாள். கறை நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. இரண்டு கடைக்கும் ஒரே தரை, நடுவில் ஒரு சுவர்தான். தேயிலைச் சாற்றை வைத்துப் போட்ட கறை அவளுக்குத் தெரியாதா?

“நெஞ்சு வரைக்குமா வந்துச்சு அண்ணே?”

“ஏன், உனக்கு எது வரைக்கும் வந்துச்சு?”

“இடுப்பு.”

“உன் சுவத்துல அப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டு அவர் செருப்பு அடுக்கப் போய்விட்டார்.

4

கடைக்குத் திரும்பியதும் கணவர் சொன்னார்: “நீ எடுத்த கறைய நீயே போட்டுடு. உன்ன விட்டா யாருக்கு வரும்?”

அவளால் முடியும். ஆற்று மண், கொஞ்சம் மெஷின் எண்ணெய், ஒரு ஸ்பாஞ்சு போதும். டார்ச் சாரென்ன, தண்ணீரே வந்து பார்த்தாலும் தன்னுடையது என்றுதான் சொல்லும். அதுவும் பொய்யில்லை, இருந்ததை இருந்த இடத்தில் திரும்ப வைப்பதுதானே என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இடுப்பு உயரத்தில் விரலை வைத்தாள். கணவர் தடுத்தார்.

“அங்க வைக்காத.”

“அங்கதானே இருந்துச்சு?”

“செருப்புக்கடைக்காரன் கறைய நெஞ்சுல அளந்தாச்சு. தண்ணி ஒரே தரையில ஒரு கடையில நெஞ்சுலயும் ஒரு கடையில இடுப்புலயுமா நிக்கும்? நீ இடுப்புல போட்டா நம்மளோடதுதான் பொய்யின்னு புடிப்பான்.”

அவள் கையை எடுத்துவிட்டாள். உண்மையான உயரத்தில் வைத்தால் மாட்டிக்கொள்வாள். பொய்யான உயரத்தில் வைத்தால் நம்புவார்கள். வைக்காமல் விட்டால் கடை போய்விடும். பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி டார்ச் சாரிடம் சொல்லலாம்தான். தேயிலைக் கறை என்று நிரூபிக்க அவளிடம் இருப்பது அவள் கண் மட்டும்தான். சொன்னால் பொறாமை என்பார்கள். பிறகு தெருவில் யாரும் அவளிடம் துணி போட மாட்டார்கள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, நிஜக் கடைக்குப் போய் நூல் விட்டுப் பார்த்தேன்.

“தண்ணி இடுப்பு வரைக்கும்தானா வந்துச்சு?”

அக்கா ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “ஏன் சார், உங்களுக்கு எவ்வளவு வேணும்?”

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் வந்தது. பாதித் தெரு நடந்த பிறகு பயம் வந்தது. செருப்புக்கடைக் கறை போலி என்று எனக்கு யார் சொன்னது? அக்கா சொன்னார். தண்ணீர் இடுப்பு வரை வந்தது என்று யார் சொன்னது? அதுவும் அவர்தான். நெஞ்சுக் கறையே நிஜமாக இருக்கலாம். தண்ணீர் அக்காவின் கடைக்குள் வராமலே இருந்திருக்கலாம். அந்த வாரம் நான் மாடியில் பத்திரமாக உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பகுதியில் “நான்கு சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறை” என்று நேரில் நின்று பார்த்தவன் போல எழுதியது நான்தான். நீங்களும் தராசைப் பார்க்கவில்லை.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் ஒன்றும் வைக்கவில்லை. நேர்மைக்காகக் கடையை இழந்தாள். [படிக்கிறவர்களுக்குக் கண் நிறையும், அவளுக்கு அடுப்பு எரியாது. என் மனநிறைவுக்காக அவளைத் தெருவில் நிறுத்த எனக்கு மனமில்லை.]

ஆ. அவள் இடுப்பில் வைத்தாள், டார்ச் சார் அதைப் பார்த்ததும் செருப்புக்கடைக்காரரை அழைத்து [இது அரசாங்க விளம்பரம்.]

இ. அவள் நெஞ்சில் வைத்தாள். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மண்ணும் எண்ணெயும் கலந்து, மூலையிலிருந்து ஒற்றி ஒற்றிக் கொண்டுவந்தாள். வலது கை கறையை வைத்துக்கொண்டே போனது. பாதிச் சுவர் ஆனதும் கணவர், “ஏய், என்னடி பண்ற?” என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். வைத்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. இடது கையில் ஈரத்துணி. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து அழுதாள். ஊரே மூழ்கியபோதுகூட அவள் அழவில்லை.

இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இதை நான் நம்பவில்லை. இப்படி ஒரு கை இருந்துவிட்டால் அவள் மேல் எனக்குச் சந்தேகமே மிஞ்சாது அல்லவா? எனக்கு வசதியாக நானே வைத்த கறை இது.

6

எப்படியோ வாரக் கடைசி வந்துவிட்டது. சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. டார்ச் சார் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறார். கணவர் இஸ்திரிப் பெட்டியைக் காரணமில்லாமல் துடைக்கிறார். செருப்புக்கடைக்காரர் தன் வாசலில் நின்று காதை இந்தப் பக்கம் வைத்திருக்கிறார்.

“ஆதாரம் ஏதாவது?”

“இல்ல சார்.”

“பாத்தவங்க யாராவது இருக்காங்களா? வெளியாள் ஒருத்தர் சொன்னாகூட எழுதிக்கலாம்னு இப்ப உத்தரவு வந்திருக்கு.”

நான் போக வேண்டிய இடம் இது. போக மாட்டேன். நான் எந்த உயரத்தைக் காட்டினாலும் என் பேண்டுக்காகக் காட்டியது போலவே எனக்குத் தோன்றும். அதனால் உங்களை வரவழைத்திருக்கிறேன். துணிப்பையோடு மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். டார்ச் வெளிச்சம் உங்கள் மேல் திரும்புகிறது.

“நீங்க இந்தக் கடைக்கு வந்து போறவரா?”

அக்கா முந்திக்கொள்கிறாள். “அவங்கள ஏன் சார் கேக்கறீங்க? அவங்க எதையும் பாக்கல.”

“பாக்கலைன்னா இவ்வளவு நேரம் இங்க எதுக்கு நிக்கிறாங்க?” அவர் நாடாவை இழுத்து, சுவரோரம் தரையில் ஊன்றிக்கொள்கிறார். “தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு? வாயால சொல்ல வேண்டாம், சுவத்துல கைய வெச்சுக் காட்டுங்க.”

நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று முந்திக்கொண்ட அக்கா இப்போது உங்களைப் பார்க்காமல் ஏதோ ஒரு சட்டையை மடிக்கிறாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடிக்கிறாள். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, எனக்குத் தெரியாது.

உங்கள் வலது கையில் துணிப்பை இருக்கிறது. இடது கை சும்மாதான் இருக்கிறது.