பதினான்காம் எண் நாற்காலி

எங்கள் வம்சத்தில் யாரும் யாரிடமும் கை நீட்டியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் ஊரில் இத்தனை சங்கங்கள் இருப்பது தெரிந்தது. மதியச் சாப்பாடு தர ஒரு மகளிர் குழு. காலை மடக்கி நீட்டச் சொல்லித்தர இன்னொன்று. பேச்சுத்துணைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மன்றம். நான் ஒருவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது பேச்சுத்துணையாம்! எல்லோரையும் வாசலோடு அனுப்பினேன்.

“குத்துக்கல்லோட எவ்வளவு நேரம் பேசறது?” என்றாள் மனைவி. “நாலு மாசமாச்சு. அடுத்த தெருவுல இருக்கற அக்கா முகத்தைக்கூடப் பாக்கல. அவளாலயும் நடக்க முடியாது. என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

சக்கர நாற்காலி வாங்கிவிடலாம் என்றேன்.

“ரெண்டு மாசத்துல அத்தை நடந்துடுவாங்க மாமா. அப்புறம் அதுல துணியா காயப்போடறது?” என்ற மருமகள், ஒரு சங்கத்திலிருந்து இரவல் வாங்கி வந்துவிட்டாள். யார் கேட்டாலும் தருகிறார்களாம். ஆனால் நாற்காலியின் முதுகில் கையகலச் சிவப்பு எழுத்து: ‘ஏழை எளியோர் உதவிச் சங்கம்’.

துண்டால் மூடினேன். சக்கரத்தில் சிக்கியது. வேறு வழியின்றி எழுத்தின்மேல் வயிற்றை அழுத்திக்கொண்டே தள்ளினேன்.

“உங்க மூச்சு என் உச்சந்தலையில சுடுது” என்றாள் மனைவி.

தெருமுனையில் சம்பந்தி! மருமகளின் அப்பா, மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரர். அப்படியே நின்றுவிட்டேன்.

“என்ன சம்பந்தி, பசை போட்டு ஒட்டின மாதிரி நிக்கறீங்க?”

“காத்து வாங்கறோம்.”

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “அட, பதினாலாம் நம்பர்! இடது பிரேக் பிடிக்காதே. எங்கம்மா எட்டு மாசம் இதுலதான் இருந்தாங்க.”

“சங்கத்து நாற்காலியிலா? நீங்களா?”

“மெதுவா பேசுங்க. நான் போர்வை போட்டு மூடுவேன். வழுக்கி வழுக்கி விழும்.” என் வயிற்றைப் பார்த்தார். “இந்த யோசனை எனக்குத் தோணல.”

“ரெண்டு பேரோட கௌரவமும் பேசி முடிஞ்சுதா? அக்கா காத்துக்கிட்டிருப்பா” என்றாள் மனைவி.

முன்னால் இறக்கம். பிரேக்கை நம்ப முடியாது. ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டோம். எழுத்து தெரு முழுக்கத் தெரிந்தது.

அக்கா தங்கையின் கையைப் பிடித்து அழுதாள். கண்ணைத் துடைத்ததும் முதல் கேள்வி என்னிடம்தான்: “இந்த நாற்காலி எங்க கிடைக்கும்?”

சங்கத்தின் விலாசத்தைச் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகத்தான்.