பதின்மூன்றாவது வரி

கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு எட்டு எட்டிப் பார்த்தாளே நஹோகோ, அதுதான் அன்றைக்கு நடந்த முதல் நல்ல காரியம். கிமோனோவின் தொங்கும் கைகளைக் காகிதக் கிளிப்புகளால் தோளோடு பூட்டிக்கொண்டு யூனிக்ஸ் கணினியின் முன் உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடத் தோழியும் இன்றைய மணப்பெண்ணுமான சிசுருவின் பெயருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அனுப்பியவர் அவளுடைய அப்பா. நஹோகோவுக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது.

பின்னே பரபரக்காதா? அந்த மனிதர் அண்டார்க்டிகா ஆய்வுத் தளத்தில் டீசல் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நவம்பரில் கப்பலேறிப் போனார். கல்யாணம் முடிவானதைச் சிசுரு மார்ச்சில் எழுதினாள். ஜூனும் பாதி தாண்டியாயிற்று, ஒரு வரி பதில் இல்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அவர் பெயர் எழுதிய அட்டையோடு மண்டபத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாகக் காத்திருந்தது.

மின்னஞ்சலைத் திறந்தாள். திரை முழுக்க டாலர் குறி. டாலர், நட்சத்திரம், டாலர், ஏ, டாலர், ஜி என்று பதினாலு வரிக்கு இதே கூத்து. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்து இகராஷி. இருவருக்கும் ஆய்வுக்கூடத்தில் மூத்தவன். இன்றைக்கு விழாவை நடத்திக்கொடுப்பதும் அவன்தான். எங்கே தொலைந்தாய் என்று பொரிந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"டாலரா? மாமனார் சீர்வரிசையை வெளிநாட்டுப் பணமா அனுப்பிட்டாரா?"

"விளையாடாதீங்க இகராஷி-சான். வழியில ஏதோ ஒரு இயந்திரம் எழுத்தைக் கெடுத்திருக்கு. என்னால சரி பண்ண முடியும்."

"பன்னிரண்டரைக்கு வாழ்த்துச் செய்திகளைப் படிக்கணும். அதுக்குள்ள முடி. அதுல என்ன இருக்குன்னு தெரியாம சிசுருகிட்ட மூச்சு விடாதே."

மணி பத்தரை. நஹோகோ திரையை முறைத்தாள். ஒவ்வொரு வரியும் 'டாலர், பி' என்று தொடங்கி 'அடைப்புக்குறி, பி' என்று முடிந்தது. கடைசி இரண்டில் மட்டும் ஒன்றுக்கு முடிவு இல்லை, மற்றதுக்குத் தொடக்கம் இல்லை. அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள். இனி வருவது ஜப்பானிய எழுத்து என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறி மூன்று துண்டு. அதில் முதல் துண்டு கண்ணுக்குத் தெரியாதது. அதை மட்டும் வழியில் எவனோ குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டான். மீதி அத்தனையும் பத்திரமாக இருக்கிறது! தலை போய்விட்டது என்று பயந்தால் தொப்பிதான் போயிருக்கிறது.

திருத்தி மென்பொருளில் கோப்பைத் திறந்து, வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தத் தெரியாத துண்டைத் தன் கையால் திரும்பச் செருகினாள். முதல் வரி சரியாக எழுந்து நின்றது. "வந்துடுச்சு" என்று ஆளில்லாத அறையில் கை தட்டினாள். ஒரு கிளிப் தெறித்து, கிமோனோவின் கை விசைப்பலகை மேல் விழுந்தது.

பன்னிரண்டு வரிகள் மளமளவென்று வந்தன. குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. சூரியனைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டாவது ஜெனரேட்டர் இருமுகிறது. சமையல்காரர் சோபா நூடுல்ஸ் நன்றாகப் போடுகிறார். கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. பெற்ற மகளுக்கு எழுதுகிற லட்சணமா இது?

மிச்சம் இரண்டு வரிகள். பதின்மூன்றாவது பாதி வரை வந்து அறுந்து நின்றது. பதினான்காவதின் தலையில் எந்தக் குறியுமே இல்லை. முழுக் குறியையும் தானே எழுதிப் பார்த்தாள். ஒன்றோடொன்று ஒட்டாத சீன எழுத்துகள் வரிசையாக வந்து நின்று பயமுறுத்தின.

மணி பதினொன்றே முக்கால். நகம் கடித்தாள், உதட்டுச் சாயம் போயிற்று. பிறகுதான் உறைத்தது. வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அங்கே உடைத்துவிட வேண்டும். மின்னஞ்சல் எழுதும் எல்லோரும் கடைப்பிடிக்கிற அந்த மரியாதையை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சிசுரு. பன்னிரண்டு வரி சமர்த்தாக உடைத்தவர் பதின்மூன்றில் மறந்திருக்கிறார். ஒரே மூச்சில் நீளமாக எழுதித் தள்ளியிருக்கிறார். வழியில் இருந்த இயந்திரம் அளவு பார்த்து வெட்டியிருக்கிறது. ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் இயந்திரத்துக்குள் இரண்டு பாதி. வெட்டு நடுவில் விழுந்ததால் ஒரு பாதி மேலே, மறு பாதி கீழே. கீழ்வரி முழுக்க அரை எழுத்து நகர்ந்து, தப்பான ஜோடியோடு நிற்கிறது.

தான் எழுதிய குறியை அழித்துவிட்டு இரண்டு வரிகளையும் சேர்த்தாள். இன்னும் கோணல். சேர்க்கும்போது திருத்தி தன் பங்குக்கு நடுவில் ஒரு இடைவெளியை வைத்திருந்தது. "உன்னை யாரு கேட்டா?" என்று அதைத் தட்டி எறிந்தாள். வரி முழுவதும் சடசடவென்று நேரானது.

'மூணு தடவை எழுதி மூணு தடவையும் அழிச்சிட்டேன், அந்தப் பையனை எனக்குத் தெரியாது, ஆனா உன்னைத் தெரியும், நீ பார்த்தா சரியாத்தான் பார்த்திருப்பே, நல்லா இரு, என்னைக்காவது தாங்க முடியலைன்னா எந்த நேரமானாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துடு, ஏன்னு கேக்க மாட்டேன்.'

நஹோகோ அழுதாள், சிரித்தாள், அச்செடுத்தாள், மழையில் டாக்சிக்கு ஓடினாள். கிளிப்புகளைக் கழற்றக்கூட நேரமில்லை.

மண்டப வாசலில் தாளைப் படித்த இகராஷியின் முகம் மாறியது. கல்யாணத்தில் பிரிவது, உடைவது, திரும்பி வருவது என்று எந்தப் பேச்சும் எழக் கூடாது. தந்தியில் இருந்தால்கூட அடித்துவிட்டுத்தான் படிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றான். நியாயம்தான். பன்னிரண்டு வரி போதும் என்று அவனே முடிவும் செய்தான்.

அப்படியே படித்தான். குளிர், ஜெனரேட்டர், சோபா. கூட்டம் சிரித்தது. அப்பாவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்த சிசுரு, தாளை அவன் மடித்ததும் மெல்லத் தலை குனிந்தாள். அவ்வளவுதானா என்று அந்தக் குனிவே கேட்டது. நஹோகோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தேவிட்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு."

இகராஷி கண்ணாலேயே கெஞ்சினான். அவள் தாளை வாங்கி, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். 'திரும்பி வந்துடு' என்ற இடத்தில் எழுபது பேரும் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்கள். சிசுரு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை தொமோனோரி, பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேசாதவர், எழுந்தார். காலி நாற்காலியைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"அப்பா, அவ அங்க திரும்பி வந்தா நானும் பின்னாடியே வருவேன். என்னையும் ஏன்னு கேக்காம உள்ள விடணும்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. பிறகு மண்டபமே சிரித்தது. சிசுரு முகத்திலிருந்து கையை எடுத்து, மை வழிந்த கன்னத்தோடு நஹோகோவிடம் கையை நீட்டினாள்.

"அதை என்கிட்ட குடு. நான் படிக்கணும்."