மருந்துக்கறி

கொல்லைக் கதவை மொக்கைச்சாமி ரெண்டு தட்டுத் தட்டியபோது மணி ஆறேகால். பொன்னுத்தங்கம் கதவைத் திறந்தாள். மண்டிக் கிட்டங்கியில் மூடை தூக்குகிறவன் அவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையும் அவன் தலையில்தான். எப்போதும்போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கறுப்புப் பையைத் துவைகல் மேல் வைக்கப் போனான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கின கையோடு நேரே அடுக்களைப் படியில் ஏறினாள்.

"தாயி, உள்ளயா கொண்டு போறீக?" பதறிவிட்டான் பாவம்.

"பின்ன ஒந்தலையிலயா வைக்க? நீ போப்பா."

பையில் இருந்தது ரெண்டு கிலோ வெண்பன்னிக் கறி. இந்த வீட்டில் அதற்குப் பெயர் மருந்து. அவள் புருசன் ஜெயச்சந்திரனுக்கு மூலம். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிற மனுசன், பகல் முழுக்க மூடைகளுக்கு நடுவில் நாற்காலியிலேயே கிடக்கிறவர், மூன்று வேளையும் காரம் கேட்கிறவர், அவருக்கு மூலம் வராமல் வேறு என்ன வரும்? பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் யாரோ ஒரு நாட்டு வைத்தியர் பன்னிக்கறி சாப்பிட்டால் சூடு தணியும் என்று சொல்லிவிட்டார். ஆனால் அது வீட்டுக்குள் வரக் கூடாதே. கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில், அதற்கென்றே ஒதுக்கிய அகப்பையில், பொன்னுத்தங்கம்தான் குத்தவைத்து உட்கார்ந்து சமைக்க வேண்டும். புகையில் கண் ரெண்டும் அவிந்து போகும். அவர் துவைகல் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து இலையில் வாங்கிச் சாப்பிடுவார். பெயர்தான் மருந்து, மூன்று தடவை கேட்டு வாங்குவார். இத்தனை வருசத்தில் அவள் நாக்கில் ஒரு துளி பட்டதில்லை. உப்புக்கூடப் பார்க்க முடியாது. அவர் கையைக் கழுவிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் "உப்பு மட்டு" என்பார். அந்தச் சட்டியைத் தூக்கி அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று அவளுக்கு வரும்.

ஆனால் இன்றைக்கு அவள் கொதித்துக்கொண்டிருந்தது உப்புக்காக இல்லை.

ஒரே மகள் ஆர்த்தி. சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குக் காலண்டர் டிசைன் செய்யப் போனவள், அங்கே ஆப்செட் மிஷின் ஓட்டுகிற முனியசாமியைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கமான பையன். அவன் அப்பா சாத்தூர்ப் பக்கம் பன்னி வளர்க்கிறவர். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு ஜெயச்சந்திரன் கதவைச் சாத்தி ரெண்டு வருசம் ஆகிவிட்டது. இப்போது ஆர்த்திக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பை அச்சகத்துப் பெண்கள் சேர்ந்து போட்டார்கள். பெற்றவள் போனில் போட்டோ பார்த்தாள். தலைப்பிரசவமாவது தாய் வீட்டில் நடக்க வேண்டாமா? நேற்றுச் சாயங்காலம் அவர் நிலக்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தபோது மெல்லக் கேட்டாள்.

"பன்னி திங்கிறவன் பிள்ளை எம் வீட்டுல பெறந்து விழக் கூடாது," என்றார். கடலைத் தோலை ஊதித் தள்ளினார். தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். "ஏலே மொக்கை, நாளைக்கு ஞாயித்துக்கெழமலே. மருந்து ரெண்டு கிலோ சொல்லிரு. நல்லாக் கொழுப்பா இருக்கட்டும்."

ரெண்டும் ஒரே வாய்தான். நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொன்னுத்தங்கத்துக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் திறக்கவில்லை.

காலையில் பரணில் இருந்து அட்டைப் பெட்டியை இறக்கினாள். அம்மாவுக்கு முட்டி வலி, அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை என்று ஆர்த்தி மூன்று மாதத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கி அனுப்பின ஸ்லோ குக்கர். பிரிக்கவே இல்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாப்பிள்ளைக்குக் கறியப் பஞ்சு பஞ்சாப் பிச்சுக் குடுத்தேன்னு ஒருநா சொன்னியே, அதை எப்பிடி வைக்கணும்?"

"புல்டு போர்க்கா? ஒனக்கு எதுக்கும்மா அது?"

"சொல்லுடி."

ஆர்த்தி சொன்னாள். கறியை நறுக்க வேண்டாம், முழுசாகப் போடு. வத்தல் பொடி, மிளகு, சீரகம், உப்பு எல்லாவற்றையும் கருப்பட்டித் தூளோடு பிசறி நல்லாத் தேய். அடியில் வெங்காயமும் பூண்டும் பரப்பு. கொஞ்சம் வினிகர். "தண்ணி ஊத்தாதம்மா, அதுவே தண்ணி விடும். லோவுல வச்சா எட்டு மணி நேரம். சும்மாச் சும்மா மூடியத் தெறக்காத."

"எட்டு மணி நேரமா? அதுக்குள்ள நீ பெத்தே போட்டுருவ."

ஆர்த்தி சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. "அப்ப ஹையில வையி. ஆறு மணி நேரத்துல ஆயிரும்."

"சரி, ஒரு மணிக்கு வா. மாப்பிள்ளையும் நீயும். ஆஸ்பத்திரி ஃபைலையும் மாத்துச் சேலையையும் எடுத்துக்கிட்டு வா. பிரசவம் இங்கனதான்."

"அப்பா சரின்னுட்டாகளா?"

"நான் சரின்னுட்டேன். எனக்கும் இது வீடுதான்."

எட்டு மணிக்கு ஜெயச்சந்திரன் சலவை வேட்டி கட்டி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். குரலைத் தாழ்த்தி, "மருந்து வந்துச்சா?" என்றார். வந்துச்சு என்றாள். "மொய்ய எழுதிட்டு வந்துருவேன். அங்கன சாப்பிட மாட்டேன்." குக்கருக்கு விசிலும் கிடையாது, இரைச்சலும் கிடையாது. அது பாட்டுக்கு மேடையில் உட்கார்ந்திருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு மேல் வாசம் கிளம்பியது. கொல்லையில் புகையோடு சேர்ந்து அடிக்கிற வாசம் இல்லை இது. கருப்பட்டியும் பூண்டும் கொழுப்பும் ஒன்றாக உருகி, அடுக்களையில் இருந்து பட்டாசாலைக்கு வந்து, சாமி படம் வரைக்கும் போனது. போகட்டும் என்று பேசாமல் இருந்தாள். இருக்க இருக்க அவளுக்குக் கோபம் அவர் மேல் இருந்து தன் மேலேயே திரும்பியது. சாப்பிட்டவர் கையையும் வாயையும் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்வார். சமைத்தவள், ஒரு வாய் தின்னாதவள், மார்கழிக் குளிரிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வருவாள். யார் தீட்டு யார் தலையில்! பத்தொன்பது வருசம் ஊற்றியிருக்கிறாளே, ஒரு நாளாவது ஏன் என்று கேட்டாளா? கேட்டிருந்தால் நேற்று அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்குமா? "கேனச் சிறுக்கி," என்று தன்னைத் தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு ஞானசுந்தரி வந்தாள். ஜெயச்சந்திரனின் அக்கா, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். தம்பி நேற்றே சொல்லியிருப்பார் போல. வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க எதுக்குப் பிள்ளையக் கூப்பிடணுங்கிற? பெத்ததும் ஆஸ்பத்திரியில போயிப் பாத்துட்டு, ஒரு செயினப் போட்டுட்டு வந்துருவோம். அவன் மனசும் நோகாது, ஒம் மனசும் நோகாது." பிறகு மூக்கைத் தூக்கினாள். "ஏத்தா, என்ன கறி? வாசம் தெருமுக்கு வரைக்கும் தூக்குது. வெள்ளாட்டங்கறியா? எனக்கும் ஒரு கிண்ணத்துல போட்டு வையி."

"பன்னிக்கறி மதினி."

ஞானசுந்தரி முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். ஒரு நொடிக்கு முன்னால் தேனாக இருந்த வாசம் அதற்குள் நாறிவிட்டது. "நடுவீட்டுலயா? அடியேய், ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? வரட்டும் அவன்," என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பிடிக்க வாசல் பக்கம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணிக்குப் பொன்னுத்தங்கம் மூடியைத் திறந்தாள். ரெண்டு முள்கரண்டியால் இழுத்ததும் கறி நார் நாராகப் பிரிந்து வந்தது. ஒரு நாரை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். இம்புட்டு ருசியையா இத்தனை வருசமும் மருந்து என்று சொல்லித் தனியாக உட்கார்ந்து தின்றார் இந்த மனுசன்? அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால் இல்லை, ஆத்திரத்தால். உப்பு சரியாக இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. ஞானசுந்தரி எழுந்து நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். "மதினி, பிள்ளைத்தாச்சி வாரா. தள்ளி நில்லுங்க," என்றாள் பொன்னுத்தங்கம். சொன்ன விதத்தில் ஞானசுந்தரி தள்ளி நின்றாள். ஆர்த்தி ஒரு கையை இடுப்பில் கொடுத்து மெல்ல ஏறி வந்தாள். கன்னமெல்லாம் வீங்கிப் போயிருந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள், வயிறு இடித்தது. முனியசாமி பையும் கையுமாகத் தெருவிலேயே நின்றான்.

"அத்தே, நான் கார்லயே இருக்கேன். பேசி முடிங்க."

"வாங்க மாப்பிள்ளை. பேசி முடிச்சாச்சு."

ரெண்டு பேரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தாள். கடையில் வாங்கிவைத்த பொரிச்ச பரோட்டாவைத் தட்டில் போட்டு, மேலே கறியை அள்ளி வைத்தாள். முனியசாமி தட்டைத் தொடவில்லை. ஆர்த்தி பசியோடு வந்திருந்தாள். ஒன்றும் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

மருந்து நாளில் ஜெயச்சந்திரன் எப்போதும் கொல்லை வழியாகத்தான் வருவார். வாசலில் காத்திருந்த அக்காவுக்குக்கூட அது தெரியாது. வண்டியைச் சந்தில் நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொன்னு, எடுத்துட்டு வா. பசி காதை அடைக்குது."

"உள்ள இருக்கு. வாங்க," என்றாள் உள்ளே இருந்தபடி.

சட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்திருப்பார். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே இருந்து மேஜை நேராகத் தெரியும். முனியசாமி சடக்கென்று எழுந்தான். பொன்னுத்தங்கம் அவன் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தாள்.

"யாரைக் கேட்டு இவுகளை உள்ள விட்டே? இந்தக் கருமத்தை நடுவீட்டுல வச்சு... சாமி இருக்கிற வீடாடி இது?"

"சாமிக்கு எல்லாம் தெரியும். பத்தொம்பது வருசமா இந்த வீட்டுல பன்னி தின்னது யாரு? மாப்பிள்ளையா? எம் மகளா? சொல்லுங்க."

சத்தம் கேட்டு ஓடி வந்த ஞானசுந்தரி, "அது மருந்துடி," என்றாள்.

"மருந்துக்கு எதுக்கு மதினி நல்லாக் கொழுப்பாப் பாத்து வாங்கணும்?"

ஞானசுந்தரி தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருசத்தில் இந்தப் பொம்பளை இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. கையை ஓங்கலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தார். அவள் கையில் இருந்த முள்கரண்டி ரெண்டும் அவரைப் பார்த்து நீட்டியபடி இருந்தன.

"இனிமே கொல்லையில அடுப்பு கிடையாது," என்றாள். "ஒளிச்சு வச்சுச் சமைச்சுப் போட்டு நான் தலையில தண்ணி ஊத்துறதும் கிடையாது. எம் மக இங்கதான் பெறுவா. இந்தக் கறி இங்கதான் வேகும். வேணும்னா மகளோடயும் மருமகனோடயும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. இல்லையா, மூலத்தோட கெடங்க."

முனியசாமி தலையைக் குனிந்துகொண்டான். ஜெயச்சந்திரன் ஒரு கால் படியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றார். போகப் போகிறாரா வரப் போகிறாரா என்று அந்தக் கால்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. குக்கரில் இருந்து ஆவி எழுந்து அவர் பக்கமாகப் போனது. அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

ஆர்த்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. மணிக்கட்டில் வழிந்த கொழுப்பை நக்கிவிட்டு, இன்னொரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் காலை நீட்டி எதிரில் இருந்த நாற்காலியைத் தள்ளினாள். அது தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு விலகி நின்றது.