சூரியனை ஏற்றுகிறவன்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிரேன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை.

"ராத்திரி பூரா பேய்க்காத்து. உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தூக்கம் வருதோ" என்றாள் மனைவி.

காற்று என்றதும் அவர் பாயைவிட்டு எழுந்தார். நேற்று சாயங்காலம் பிரேக்கை விட்டாரா?

விடவில்லை.

வேலை முடிந்து இறங்குமுன் டவர் கிரேனின் நீளக் கையைப் பிரேக்கிலிருந்து விடுவித்துவிட வேண்டும். காற்று தள்ளுகிற பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும். பூட்டி வைத்தால் காற்றோடு மல்லுக்கு நிற்கும். தோற்றால் அடியோடு சாயும். சாய்கிற இடத்தில் தகரக் கொட்டகைகள், பதினாறு குடும்பங்கள். அதில் ஒன்று அவருடைய மச்சினன் குடும்பம். பதினேழு வருஷமாக ஒருநாளும் மறக்காத மனிதர் நேற்று மறந்ததற்கு, பாழாய்ப்போன ரோஷம்தான் காரணம்.

மச்சினனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற வேலை. விரலை உயர்த்திச் சுற்றினால் 'ஏற்று'. கீழே காட்டிச் சுற்றினால் 'இறக்கு'. தினமும் வேலை தொடங்குமுன் அவன் கிழக்கே பார்த்து நின்று, விரலைச் சுற்றிச் சூரியனை ஏற்றுவான். முழுசாக வந்ததும் கைகூப்புவான். "இன்னிக்கும் குடுத்துட்டான் மாமா. அம்புட்டு உசரத்துல உக்காந்திருக்கீங்க, ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்க" என்பான். ஊரிலேயே உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கொக்கியைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டதில்லை.

இருபது நாளைக்கு முன் இன்ஜினியர் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கிரேன்காரருக்கு மானம் போய்விட்டது. "பைத்தியக்காரனை வச்சுக்கிட்டு மாரடிக்கிறேன் சார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. சைகை மட்டும்தான். நேற்று இறங்குகிற நேரத்தில் வாக்கி டாக்கியில் "மாமா, காத்து..." என்று அவன் ஆரம்பித்தான். பட்டென்று அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். பேச வந்துட்டான் பெரிய மனுஷன்!

கும்மிருட்டில் இரண்டு தெரு ஓடினார். கட்டட வேலை நடக்கிற இடத்துக் கேட்டில் வாட்ச்மேன் டார்ச்சோடு நின்றிருந்தார்.

"நின்னுட்டிருக்கா? கிரேன் நிக்குதா?"

"கண்ணுக்கு என்ன தெரியுது? விழுந்த சத்தம் கேக்கல, அவ்வளவுதான். கொட்டகையில இருந்தவங்களை எல்லாம் எழுப்பி எதிர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டான் உங்க மச்சினன். அப்புறம் இதுங்களை என்கிட்ட குடுத்துட்டு மேல ஏறினான்." வாட்ச்மேன் கையில் ஒரு போனும் ஒரு ஜோடி செருப்பும் இருந்தன.

"எப்ப?"

"மூணு மணி நேரமாச்சு. இன்னும் இறங்கல. அவன் வச்சுட்டுப் போன வாக்கி டாக்கியில கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்ல."

எப்படி இருக்கும்? மேலே கேபினில் இருக்க வேண்டிய வாக்கி டாக்கி அவர் பையில் கிடந்தது. ஓடிப்போய் ஏணியைப் பிடித்தார். வாட்ச்மேன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "காத்து இன்னும் அடங்கல. மேல ஒருத்தன் போதாதா? அவன் பொண்டாட்டிக்கே என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறேன்."

தன் மனைவிக்கு என்ன சொல்வது? உன் தம்பி என் பிரேக்கை விடப் போனான் என்றா? கிரேன்காரருக்கு அழுகைகூட வரவில்லை. விடிந்தால்தான் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

இருட்டு மெல்லச் சாம்பலானது. முதலில் கம்பங்கள் தெரிந்தன. அப்புறம் நீளக் கை. நேற்று சாலைப் பக்கம் நின்றது, இப்போது நேர் எதிரே திரும்பிக் காற்றோடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. பிரேக் விடுபட்டிருந்தது. ஆனால் கேபின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அசைவும் இல்லை.

"டேய் தம்பி!" என்று கத்தினார்.

கேபின் கதவு திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. கிழக்கே நீண்டு, விரலை உயர்த்தி, சுற்றியது. ஏற்று.

கிரேன்காரர் திரும்பினார். வீட்டு மாடிகளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளிம்பு எழுந்தது. காற்று துடைத்துவிட்ட வானம் முழுக்க அந்த நிறம் ஏறியது. பதினேழு வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுதானா! கொட்டகைத் தகரங்கள் ஒவ்வொன்றாக மின்னின. பதினாறும் முழுசாக இருந்தன. கைகள் தாமாகக் குவிந்தன.

"குடுத்துட்டான்" என்றார்.

"யாரு?" என்றார் வாட்ச்மேன்.

கிரேன்காரர் மேலே பார்த்து, விரலைக் கீழே காட்டி, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினார். மெதுவாக இறக்கு. வாழ்நாளில் அவர் யாருக்கும் சைகை காட்டியதில்லை.

ஏணியின் உச்சியில் ஒரு வெறுங்கால் தெரிந்தது. வாட்ச்மேனிடமிருந்து செருப்பை வாங்கிக்கொண்டு அவர் ஏணியடிக்குப் போனார்.