இருள் போதவில்லை

என் கணவர் என்னை ஒன்பது வருடம் அடித்தார் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னார். இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். யார் அந்தப் பாவப்பட்டவள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைப்பூச்சி என்று ஊரில் சொல்வார்களே, அந்த வகை. எங்களுக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு வருடம். நான் சண்டை போட்டால் அவர் பதில் பேச மாட்டார். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவார். எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடாது. அந்த அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்த்தவர் ஓய்வு பெற்ற அன்று அரை டம்ளர் குடித்தார். வீட்டுக்கு வந்து வாஷ்பேசினில் வாந்தி எடுத்தார். பிறகு அதை அவரே கழுவி, என்னிடம் மன்னிப்புக் கேட்டு, குளியலறை வாசலில் என் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். அவருடைய மொத்தக் குடிகார வாழ்க்கையும் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மிஷனரியாகப் போக வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொல்லக் கூடாது, 'பாரம்' என்று சொல்ல வேண்டும். போன வருடம் வீடு மாறியபோது சபையும் மாறினோம். புதுச் சபையின் பின்சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தார்கள். மிஷனரிகள் போயிருக்கும் தூர இடங்களில் எல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருக்கும். என் கணவர் ஆராதனை முடிந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார், துணிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற குழந்தை மாதிரி. மிஷனரியாக அனுப்ப வேண்டுமானால் முதலில், ஆண்டவரின் சீடராக இருக்கப் பழக்கும் பன்னிரண்டு வாரச் சீஷத்துவப் பயிற்சியை முடிக்க வேண்டும். சேர்ந்தார்.

ஏழாவது வாரம் சாட்சி எழுதும் பாடம். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டிருக்கும்: முன்பு, சந்திப்பு, பின்பு. ஆண்டவரைச் சந்திப்பதற்கு முன் நீ யார், எப்படிச் சந்தித்தாய், பிறகு என்ன ஆனாய். மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். என் கணவர் உண்மையாக நடந்ததை எழுதினார். ஒரு கட்டடத்தில் மின்சாரம் போய், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி. இவர் லிஃப்டின் கூரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, காற்றுத் துளை வழியாக இரண்டு மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு தீர்ந்ததும் ஜெபம் பண்ணினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், "அந்த இருட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும் இல்லம்மா. இன்னொருத்தர் இருந்தார்." எனக்கு உடம்பு சிலிர்த்தது. சின்ன வயதிலிருந்து சபைக்குப் போகிறேன், எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வாஷ்பேசின் பக்கத்தில் நம்பியதைப் போல நான் எப்போதும் நம்பியதில்லை.

பயிற்சியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இருள் போதவில்லை.'

கையில் டார்ச் இல்லாமல் அந்தப் பயிற்சியாளரை லிஃப்டின் மேல் படுக்க வைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக என் கணவருக்குப் பட்டது. "இதெல்லாம் 'பின்பு'ல வரும் பிரதர். 'முன்பு' எங்க? நீங்க பிறந்ததுலேருந்தே நல்லவரா இருந்தா ஆண்டவருக்கு என்ன வேலை?" என்று கேட்டாராம். என் கணவர் தலையைச் சொறிந்து யோசித்து, அந்த அரை டம்ளரைச் சொல்லியிருக்கிறார். பயிற்சியாளர் முகம் மலர்ந்துவிட்டது.

அரை டம்ளர் அடுத்த வாரம் ஒரு பாட்டிலானது. அதற்கடுத்த வாரம் தினமும் குடித்தார். குடிகாரன் வீட்டுக்கு வந்து சும்மா படுப்பானா, கத்தினார். கத்துகிறவன் அதோடு நிற்பானா, கை நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் கண் காது மூக்கு வைத்தது பயிற்சியாளர். தலையாட்டியது என் கணவர். அடிபட்ட என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு எங்கள் கையில் புரளும். ஒரு நாள் இஸ்திரி மெஷினின் மூடி என் கைமேல் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன். அத்தனை வருட உழைப்புக்கு எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அந்தத் தழும்பு. என் கணவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார், "அந்தக் காயம் இன்னும் என் மனைவி கையில இருக்கு." இருநூறு பேரும் என் கையை எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். "என் தழும்பை எடுத்துக்கிட்டு எந்த தேசத்துக்குப் போறீங்க?" என்றேன்.

"ஆண்டவருக்காகத்தானே சொன்னேன். கேக்கிறவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்னு பிரதர் சொல்றார்" என்றார். எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

நான் ஏன் அப்போதே சபையில் எழுந்து சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வரைபடத்தின் முன்னால் அவர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு இடம் பிடித்து வைத்தார்கள். "சிஸ்டர், உங்க பொறுமை யாருக்கு வரும்" என்றார்கள். பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. இருந்தாலும் முகத்தைப் பொறுமையாக வைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் வேறு ஐந்து சபைகளிலிருந்தும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஐந்திலும் முதல் வரிசையில் தழும்போடு உட்கார்ந்தேன்.

அந்த நாட்களில்தான் காலணிக்கடைப் பெண் என்னிடம் வந்தாள். ஒரு காலணிக்கடையில் வேலை பார்ப்பவள், சபையில் கடைசி வரிசையில் உட்காருவாள், முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள், கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க எத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க?"

நடைக்கு அந்தப் பக்கம் என் கணவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மிஷன் குழு வந்து அவரைத் தேர்ந்தெடுக்க ஐந்து வாரம்தான் இருந்தது. "ஒன்பது" என்றேன்.

"எப்படிக்கா முடிஞ்சது?"

"ஜெபம்தான்" என்று பூசி மெழுகினேன்.

அவள் ஈரக்கையால் என் தழும்பை ஒரு தடவை தொட்டாள். "எனக்கு ஆறு வருஷம் ஆச்சுக்கா. ஒரு மாசமா எங்க அக்கா வீட்டுல இருக்கேன். திரும்பிப் போகலாமா வேண்டாமான்னு குழப்பமா இருந்தது. அப்போ இன்னும் மூணு வருஷம்தான்" என்றாள். முகம் தெளிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கூப்பிட்டிருக்கலாம். நடையில் ஓடிப் போயிருந்தால் படிக்கட்டிலேயே பிடித்திருக்கலாம். குழாயை மூடிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணை அந்த வீட்டுக்கு அனுப்பியது நான்தான்.

நாலு வாரம் கழித்து வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. அதில் குழந்தை பேனாவால் ஒரு பூனை வரைந்திருந்தது. "அவரைச் சொல்லிக் குத்தமில்லக்கா, என் விசுவாசம்தான் பத்தல. நீங்க எப்படி ஜெபம் பண்ணுவீங்கன்னு எனக்குச் சொல்லித் தரீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் கண்ணாடி முன்னால் நின்று மூன்று நிமிடத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மிஷன் குழு வருகிறது. நான் மாவுக்கட்டைப் பற்றி, 'இன்னும் மூணு வருஷம்தான்' என்றதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். "செவ்வாய்க்கிழமை மிஷன் குழுவோட கடிதம் கையில வந்துடும். அதுக்கப்புறம் நானே அந்தப் பொண்ணுகிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றார்.

"ஆமாங்க, செவ்வாய் வரைக்கும் அவளுக்கு இன்னொரு கை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கதவிடம் போனார். இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசைக்குப் போய்க் காலணிக்கடைப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். "எனக்கு எதுக்குக்கா இங்க" என்று கூசினாள். குழந்தை எங்கள் நடுவில் உட்கார்ந்தது. மேடையின் ஓரத்தில் மிஷன் குழுவினர் மூன்று பேர், மடியில் மூன்று கோப்பு. என் கணவர் மைக்கைப் பிடித்தார். முன்பு என்று ஆரம்பித்தார். குடித்தார். கத்தினார். "நான் என் மனைவியை" என்று என் பக்கம் திரும்பியவர், மாவுக்கட்டைப் பார்த்துவிட்டார்.

பேச்சு நின்றுவிட்டது. இரண்டு மாடிக்கு நடுவில்.

அவருக்கு மறந்துவிட்டது என்று பயிற்சியாளர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "கை நீட்டினேன்... கை நீட்டினேன்..." என்று கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"கை நீட்டல" என்றார் என் கணவர். "நான் என் மனைவியை அடிச்சதே இல்ல. நான் குடிச்சது வாழ்க்கையில அரை டம்ளர். அந்தத் தழும்பு அவ வேலை செய்யற இடத்துல பட்டது. நாலு மாசமா நான் இங்க நின்னு சொன்னதெல்லாம் செய்யாத பாவம். அப்படிச் சொன்னதுதான் நான் செஞ்ச பாவம்." பிறகு எங்கள் வரிசையைப் பார்த்துச் சொன்னார், "தங்கச்சி, அடிக்கிற ஆளைப் பொறுத்துக்கிட்டா மாறிடுவான்னு நான் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம்மா. என்னை மன்னிச்சிடு."

இந்த முறை யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. மூன்று கோப்புகளும் மூடப்பட்டன. பயிற்சியாளர் மைக்கை வாங்கி, பிரதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், நாம் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவோம் என்றார். பாட்டு முடிந்ததும் என் கணவரை ஓரமாக அழைத்துப்போய், "என்ன பிரதர் அவசரம்? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா இதையே அருமையா எழுதியிருக்கலாம். இப்போதான் உங்களுக்கு 'முன்பு' நல்லா வந்திருக்கு" என்றார். அந்த மனிதருக்கு ஆண்டவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

சபை கலைந்தது. வரைபடத்தின் பக்கம் என் கணவர் போகவில்லை. எங்கள் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காலணிக்கடைப் பெண் இருக்கையை விட்டு எழவே இல்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு தடவைகூடவாக்கா?"

"ஒரு தடவைகூட இல்ல" என்றேன். "உங்கிட்ட பொய் சொன்னேன். என் பொய்யாலதான் நீ திரும்பிப் போன."

அது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"அப்போ கோவம் வந்தா என்ன பண்ணுவார்?"

"கதவுக்கு எண்ணெய் போடுவார்."

அவள் சிரிக்கவில்லை. மாவுக்கட்டில் இருந்த பூனையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். சத்தமில்லாமல், நிறைய. குழந்தை எட்டி அம்மாவின் முகத்தைத் துடைத்தது. நானும் அழுதேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடறேன்க்கா. ஆனா இவ புஸ்தகப் பையும் துணியும் அந்த வீட்டுலதான் இருக்கு. தனியா போக பயமா இருக்கு" என்றாள்.

நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிற வீடு. வரைபடத்தில் அங்கே ஊசி கிடையாது.

என் கணவர் தலையை நிமிர்த்தினார்.

"எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.