கோபித்துக்கொண்டு போன புல்

ஏரிக்கரைப் பூங்காவின் புல் முழுவதும், திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோபித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டது. பட்டப்பகலில்தான் போனது, ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. வேரோடு கிளம்பி, நடைபாதையைத் தாண்டி, படகுத்துறைப் பக்கமாகத் தண்ணீரில் இறங்கி, பாயை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி மெதுவாக மிதந்து போனது. காலை நடைக்கு வந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். போகிற போக்கில் அது ஒரு பெஞ்சைக்கூட இடிக்கவில்லை. கோபம் இருந்தாலும் மரியாதை தெரிந்த புல். காரணத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் புல்வெளி நடுவே நட்ட பலகையில், நீலத்தின் மேல் வெள்ளையாக, கொட்டை எழுத்தில், ‘புல்லை மதிக்காதீர்கள்’ என்று இருந்தது. மிதிக்காதீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். ம-வின் தலையில் போட வேண்டிய கொக்கி விட்டுப்போயிருந்தது. யாருக்குத்தான் கோபம் வராது?

நகராட்சி இன்ஜினியரம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கரை, இடித்த வீடுகளின் செங்கல்லையும் கிழிந்த மெத்தைகளையும் கொட்டுகிற இடமாக இருந்தது. மூக்கைப் பொத்தாமல் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. அந்த அம்மா சளைக்கவே இல்லை. மேலதிகாரிகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவர் மட்டும் அதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கினார். குப்பை போனது, சேறு போனது, ஏரியைச் சுற்றி நடைபாதை வந்தது. ஊஞ்சல் வந்தது, மிதிபடகுகள் வந்தன, உள்ளே தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கழிப்பறை வந்தது. கடைசியில் சொன்னதில்தான் அவருக்குப் பெருமை அதிகம். பலகை எழுதுகிற வேலையைத் தன் அக்கா புருஷனான பெயிண்டருக்குக் கொடுத்தார். சொந்தம் என்று சிலர் முணுமுணுத்தார்கள், அது அநியாயம். அந்த மனிதர் எழுதினால் எழுதப்பட்டவை அதை நம்பிவிடும், அதுதான் விஷயம். ‘அமைதி காக்கவும்’ என்று எழுதி வைத்தார், தவளைகள் வாயை மூடின. வெறும் மூலையில் ‘வாத்துகள் பகுதி’ என்று நட்டார், மத்தியானத்துக்குள் வாத்துகள் வந்து சேர்ந்தன. இப்படிப்பட்ட கை, ஒரு கொக்கியில் கவிழ்த்துவிட்டது.

பெயிண்டருக்கு ஒரு குறை உண்டு. தப்பு என்னோடது என்ற சொல் அவர் வாயில் வராது. பிடித்து உலுக்கினாலும் வராது. மூன்று வருஷத்துக்கு முன் தன் மனைவியின் தையல் கடைக்கு அவர் பலகை எழுதிக் கொடுத்தபோது, ‘ஆடைகள் அளவெடுத்துத் தைக்கப்படும்’ என்பதை ‘ஆடுகள் அளவெடுத்துத் தைக்கப்படும்’ என்று எழுதிவிட்டார். மறுநாள் காலை கடை வாசலில் ஆடுகள் வரிசையாக நின்றன. டெய்லரம்மா நல்ல மனுஷி. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் நாலைந்து ஆடுகளுக்கு அளவுகூட எடுத்தார். தெருவே கூடிச் சிரித்தது. பெயிண்டரும் அந்தக் கூட்டத்தோடு நின்று சிரித்தார். அதற்கு மேல், “சரியாப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்” என்று ஒரே போடாகப் போட்டார். டெய்லரம்மா ஒரு சொல்லுக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்தார். பிறகு மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கை இன்ஜினியரம்மாவின் மாடிக்குக் குடி போனார். பெயிண்டர் அக்கரையில் இருந்த வீட்டில் தனியாகச் சமைத்து, கருகியதைச் சாப்பிட்டு, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புல் போனதும் அவர் செய்த முதல் வேலை, ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கொக்கியைப் போட்டதுதான். போட்டுவிட்டு, முதலிலிருந்தே இருந்ததாகவும் வெயிலில் கண் கூசியதாகவும் சாதித்தார். புல் அசையவில்லை. தோட்டக்காரர் லாரியில் புதுப் புல் கொண்டுவந்து பதித்தார். அதுவும் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டது. சொந்தக்காரர்கள் மூலமாக விவரம் தெரிந்திருக்க வேண்டும். போனதெல்லாம் அக்கரையில் நேராகப் பெயிண்டரின் வீட்டு வாசலுக்குப் போய், படிக்கட்டில் ஏறி, இடுப்புயரத்துக்கு நின்றுகொண்டது. எழுதியவர் யார் என்று அதற்குத் தெரியாதா என்ன. அவர் நடந்தால் அவர் காலுக்கு மட்டும் விலகும், படாது. எதிர்வீட்டு நாய்க்குக்கூட மெத்தையாகக் கிடந்தது.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இன்ஜினியரம்மா அந்தப் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். திட்டுவார் என்று பெயிண்டர் தயாராக இருந்தார். அவர் திட்டவில்லை. “மாமா, ஞாயித்துக்கிழமை அக்கா வரேன்னு சொல்லியிருக்கா. உங்க எழுத்தப் பாக்கணுமாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மூன்று வருஷமாகப் பெயிண்டருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: அவள் வரவேண்டும், பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். பொட்டல் காட்டுக்கா அவளைக் கூப்பிடுவது? தூரிகையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் எழுதியேவிட்டார்: ‘புல்லே, தப்பு என்னுடையது. மன்னிக்கவும். இப்படிக்கு, பெயிண்டர்.’ பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அதை நட்டார். புல் கொஞ்சம் பிகு பண்ணியது. பிறகு வாசலை விட்டு இறங்கி, தண்ணீரில் மிதந்து, திரும்பி வர ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை நகரசபைத் தலைவர் நாடாவை வெட்டும்போது முக்கால்வாசிப் புல் வந்து படுத்தாகிவிட்டது. வால்பகுதி மட்டும் ஏரியில் வந்துகொண்டிருந்தது. ஊரே திரண்டிருந்தது. ஊஞ்சலுக்குச் சண்டை, படகுக்கு வரிசை, கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்க்கத் தனிக் கூட்டம். டெய்லரம்மா ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தார். பெயிண்டர் பத்தடி பின்னால் சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி நடந்தார். புல்வெளிப் பலகை முன் அந்த அம்மா நின்றார். ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

“புல்லுக்கு வந்துடுச்சா இந்த வார்த்தை? இருபது வருஷம் குடும்பம் நடத்தினவ புல்லவிடக் கேவலமாப் போயிட்டேனா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் படகுத்துறைக்குப் போய், ஒரு மிதிபடகில் ஏறி, விறுவிறுவென்று மிதித்து ஏரியின் நடுவில் போய் நின்றுகொண்டார். இன்ஜினியரம்மா கரையிலிருந்து கூப்பிட்டார், வரவில்லை. பெயிண்டர் ஓடிப்போய் அவசரமாக ஒரு பலகை எழுதித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். டெய்லரம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எழுத்தை நம்பி எல்லாம் நடந்த அந்த ஏரியில், படிக்கமாட்டேன் என்றிருந்தவர் அவர் ஒருவர்தான்.

பெயிண்டருக்கு நீச்சல் தெரியாது. முட்டளவு தண்ணீரில் இறங்கி நின்று கையைப் பிசைந்தார். அப்போது வந்துகொண்டிருந்த கடைசிப் புல், கரைக்கு வராமல் வழியில் வளைந்து, அவர் காலடியிலிருந்து படகுவரை நீளமாகப் படுத்தது. பெயிண்டர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதன்மேல் நடந்தார். தாங்கியது. கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பஜ்ஜி வரிசையில் நின்றவர்கள் இடம் போய்விடுமே என்று திரும்பாமலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

படகுக்குப் பக்கத்தில் நின்று அவர் வாயைத் திறந்தார். முதலில் வந்தது வெயில், பிறகு கண் கூச்சம், பிறகு மலிவுப் பெயிண்ட். டெய்லரம்மா திரும்பவில்லை. பெயிண்டர் மறுபடி ஆரம்பித்தார்.

“தப்பு என்னோடது. எழுத்துல விட்டதச் சொல்லல. அன்னைக்கி ஊரே உன்னப் பாத்துச் சிரிச்சப்ப, நான் உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும். அவங்களோட நின்னேன். அது தெரிஞ்சேதான் செஞ்சேன். மூணு வருஷமா அத நெனச்சாத் தூக்கம் வரல.”

டெய்லரம்மா அழுதார். அவரும் அழுதார், புல்லின் மேல் நின்றபடியே. இதைச் சொல்ல மூன்று வருஷமா என்று அந்த அம்மா கேட்டதற்கு, ஆமாம் என்றார். பிறகு டெய்லரம்மா பக்கத்து இருக்கையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ஏறுங்க. பசிக்குது, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

அவர் ஏறியதும் புல் கரைக்குப் போய், மீதி இருந்த இடத்தில் ஒழுங்காகப் படுத்தது. பிள்ளைகள் உடனே அதன்மேல் உருள ஆரம்பித்துவிட்டார்கள். எந்த வீட்டுக்கு என்று பெயிண்டர் கேட்கவில்லை. படகை அக்கரைப் பக்கம் திருப்பியது டெய்லரம்மாதான்.