கொக்குக்கு அந்தப் பக்கம்

ஆலைக்காரர்கள் எங்கள் உப்பு ஏரிக்குள் சுடுகழிவுக் குழாயை இறக்கிய பிறகு உப்பு முன்னைவிட வெள்ளையாக விளைந்தது. பார்க்க என்னவோ அழகுதான். வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும். பறவைகள் வருவதில்லை. கடைசியாக வந்த கொக்கு நின்ற இடத்திலேயே செத்து, மேலெல்லாம் உப்புப் பூத்து, இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதுதான் எங்களுக்கு எல்லை. அதைத் தாண்டினால் உப்புப் பாளத்துக்கு அடியில் கொதிப்பு. கால் வைத்தால் உடையும்.

மதியத்தில் ஆலை புகையைத் திறந்துவிடும். நாலடி தள்ளி நிற்பவன்கூடத் தெரியமாட்டான். வாயைத் திறந்து கூப்பிட்டால் தொண்டை வெந்துபோகும். அதனால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, உப்பு வாரும் கோலால் பாளத்தில் தட்டுவோம். வெகுதூரம் கேட்கும். ஆளுக்கு ஒரு விதத் தட்டு. என்னுடையது மூன்று. என் வீட்டுக்காரியின் தம்பி, அதாவது என் மச்சான், இரண்டு தட்டிவிட்டுக் கோலை ஓர் இழுப்பு இழுப்பான். காதில் விழுந்தால் பதில் தட்டியே ஆகவேண்டும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருப்பவன் கரைக்கு வருவான்.

அன்று புகை சீக்கிரமே வந்துவிட்டது. கரையோரம் வந்து திரும்பினால் மச்சானைக் காணோம். காலையில்தான் வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள்: "அவனத் தனியா விட்டுட்டு வந்தீங்கன்னா நீங்களும் அங்கேயே இருந்துக்குங்க."

மூன்று தட்டினேன். இரண்டும் ஓர் இழுப்பும் வந்தது. அப்பாடா என்றிருந்தது. மறுபடி தட்டினேன். பதில் வந்தது, ஆனால் இன்னும் தள்ளி. வரவேண்டியவன் போய்க்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கேட்டது. கொக்குக்கும் அப்பாலிருந்து மூன்று தட்டு. தோள் வலியால் மூன்றாவதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் நான் தட்டுவேன். அந்தத் தாமதமும் அதில் இருந்தது.

"குழாயா இருக்கும்," என்று துண்டுக்குள் முணுமுணுத்தார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி. "அடியில காத்து முட்டுது." சொல்லிவிட்டுத் தன் கோலைத் தரையில் படாமல் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

துண்டை அவிழ்த்தேன். அதற்குத் தட்டத் தெரியும்; திட்டத் தெரியுமா?

"டேய் மச்சான்! பொண்ணு பாக்கப் போலாம்னா கட்டிலுக்கு அடியில ஒளியற பயலே! உங்கக்காகிட்ட நான் வாங்கறது பத்தாதா? தட்டுறத நம்பாத, என் குரலப் பிடிச்சு வாடா!"

தொண்டையில் நெருப்பு. இருமி இருமித் திட்டினேன். புகைக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. அதன் பின்னால் ஆளும் வந்தான். முழங்கால்வரை வெந்து சிவந்திருந்தது. வெறுங்கை.

"முன்னாடி தட்டிக்கிட்டே போனது நீங்க இல்லயா மாமா?"

"நான் எங்கடா போவேன், இங்கேயே நிக்க முடியல."

சிரிக்கப் பார்த்தான். "பாளம் ஒடஞ்சு என் கோல் உள்ள போயிருச்சு. முழுகினத என் கண்ணால பாத்தேன்."

"போனாப் போவுது. உங்கக்காவுக்கு ஆளக் காட்டினாப் போதும்."

அவன் தோளைப் பிடித்து நடத்தினேன். நாலு எட்டு வைத்திருப்போம். பின்னால், புகைக்குள், இரண்டு தட்டு. ஓர் இழுப்பு.

மச்சான் தன் வெறுங்கையைப் பார்த்தான். மேஸ்திரி எங்களைத் தாண்டி ஓடினார்.

எத்தனை வருஷப் பழக்கம்! யோசிப்பதற்குள் என் கை மூன்று தட்டிவிட்டது.

அடுத்த இழுப்பு கொக்குக்கு இந்தப் பக்கம் கேட்டது.